பழவேற்காடு மீனவ ஊர்களின் நெடுந்தொலைவுப் பயணம்: படகு, ரயில், பேருந்து

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. இதை ஒட்டிய ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தென்முனை மட்டும் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், கோரைக்குப்பம், பசியாவரம், ஜமீலாபாத் எனப் பல ஊர்கள் ஏரிக்கரையிலும் ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டுகளிலும் உள்ளன.

நெடுந்தொலைவுப் பயணத்துக்குப் பேருந்து நல்லதா, ரயில் நல்லதா என்பது பிற ஊர்களில் கட்டணம், நேரம், தூக்கம் ஆகியவற்றைப் பற்றிய கேள்வி. பழவேற்காட்டுப் பகுதியில் அதற்கு முன்பே வேறு இரண்டு கேள்விகள் எழுகின்றன. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரையுள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்பது ஒன்று. மீன்கூடையோடு ஏறுபவரை வண்டியில் ஏற்றிக்கொள்வார்களா என்பது மற்றொன்று. சென்ற இரு நூற்றாண்டுகளில் இவ்வூர்கள் படகிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து பேருந்துக்கும் மாறியதை இவ்விரு கேள்விகளே பெரிதும் தீர்மானித்தன.

கால்வாய்க் காலம்

டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டுக்கு வந்தனர். 1613இல் இங்கு கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் அவர்களது சோழமண்டலத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை பழவேற்காடு பெருந்துறைமுகமாக விளங்கியது. அப்போது இவ்வூரின் தொலைதூரத் தொடர்பு கடல்வழியே நடந்தது. ஆங்கிலேயர் 1825இல் ஊரைப் பெற்றுக்கொண்டபோது அந்தப் பெருமை முடிந்துபோயிருந்தது. சென்னை வளர்ந்தது, பழவேற்காடு அதற்கு மீனும் விறகும் சுண்ணாம்பும் அனுப்பும் இடமாகச் சுருங்கியது.

அந்தப் பொருள்கள் போன வழி கால்வாய். பேசில் காக்ரேன் என்னும் வணிகர் 1801க்கும் 1806க்கும் இடையே சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஓர் உப்புநீர்க் கால்வாயை வெட்டினார். அது பின்னர் பழவேற்காடு ஏரிவரை நீட்டப்பட்டது. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டு மேலும் வடக்கே கொண்டுசென்றது. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது, நிவாரணப் பணியாகக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து தமிழ்நாட்டின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீளும் இந்த நீர்வழிக்கு நடுவே பழவேற்காடு ஏரி ஒரு திறந்த நீர்ப்பரப்பாகக் கிடந்தது.

ஸ்ரீஹரிக்கோட்டா தீவின் விறகு, ஏரியடியில் அள்ளிய கிளிஞ்சல், உப்பு, கருவாடு ஆகியவை இவ்வழியே சென்னைக்கு வந்தன. சென்னையின் பழைய கட்டடங்களில் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சில் பழவேற்காட்டுக் கிளிஞ்சலுக்கும் பங்குண்டு. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். பயணிகளும் இதே படகுகளில் சென்றனர். வேகம் குறைவு, ஆனால் ஏறுமிடம் ஊரின் துறை. சரக்கையும் ஆளையும் பிரிக்க வேண்டியதில்லை. மீன்கூடையைக் கண்டு முகம் சுளிப்பவரும் படகில் இருந்திருக்க மாட்டார். பின்னால் வந்த எந்த வாகனமும் இந்த மூன்று வசதிகளையும் ஒருசேரத் தரவில்லை.

கால்வாயின் முடிவு மெதுவாக வந்தது. ரயில் முதலில் அதன் சரக்கைப் பிடுங்கியது. லாரி எஞ்சியதை எடுத்துக்கொண்டது. 1960களிலும் 1970களிலும் வீசிய புயல்கள் கரைகளை உடைத்து மண்ணை நிரப்பின. சென்னை நகருக்குள் நடந்ததுதான் இந்த வரலாற்றின் விசித்திரமான பகுதி. 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கத்துக்கும் 1997இல் மயிலாப்பூருக்கும் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயின் ஓரத்திலும் அதன் படுகையிலுமே ஊன்றப்பட்டன. கால்வாயின் சரக்கைப் பறித்த ரயில், ஒரு நூற்றாண்டு கழித்து அதன் இடத்தையும் எடுத்துக்கொண்டது.

ஏரியை ஒதுக்கிச் சென்ற பாதை

சென்னையையும் விஜயவாடாவையும் இணைக்கும் கடற்கரை ரயில்பாதை 1899இல் நிறைவுற்றது. அடுத்த ஆண்டு ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கிழக்குக் கடற்கரை வழியே தொடர்ந்து ரயிலில் செல்ல முடிந்தது. பாதையின் நோக்கம் அதுவே. இரு மாகாணத் தலைநகரங்களை இணைக்கும் திட்டத்தில் ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இடமில்லை. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை என ஏரிக்கு மேற்கே, மேட்டு நிலத்து ஊர்களைத் தொட்டபடி பாதை சென்றது. பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள நிலையமான பொன்னேரி ஏறத்தாழ 20 கி.மீ. தள்ளி நின்றது.

இந்த 20 கி.மீ. வரைபடத்தில் சிறியது. மோட்டார் வண்டி வருமுன் அது மாட்டு வண்டியிலோ நடந்தோ கடக்க வேண்டிய தூரம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு பெருகினால் அதுவும் நடவாது. காலையில் பிடித்த மீன் அவ்வளவு நேரம் தாங்காது. ஆகவே பச்சை மீனுக்கு ரயில் எட்டாத வாகனமாகவே இருந்தது. கருவாடும் உலர்ந்த இறாலும்தான் காத்திருக்கும் பொறுமை உடையவை.

1908இல் இப்பாதை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வேயின் கீழும், 1951இல் தென்னக ரயில்வேயின் கீழும் வந்தது. கிராண்ட் டிரங்க், தமிழ்நாடு, கோரமண்டல் போன்ற புகழ்பெற்ற விரைவு வண்டிகள் இத்தடத்திலேயே ஓடுகின்றன. தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகும் வண்டிகள் தம் ஊருக்குப் பக்கத்திலேயே பாய்ந்து செல்வதை ஏரிப்பகுதி மக்கள் அறிவார்கள். அவற்றில் ஏற வேண்டுமானால் தெற்கே சென்னை சென்ட்ரலுக்கோ வடக்கே கூடூருக்கோ முதலில் போக வேண்டும். வடக்கே போகிறவர் முதலில் தெற்கே போவது இப்பகுதியின் பழக்கம்.

ரயில் கரைவரை வந்த ஓரிடமும் உண்டு. ஏரிக்குத் தெற்கே, அத்திப்பட்டிலிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்கு ஒரு கிளைப்பாதை செல்கிறது. அது அனல்மின் நிலையங்களுக்கும் துறைமுகத்துக்குமான நிலக்கரிப் பாதை; பயணிகளுக்கானதன்று.

பேருந்தும் உரிமமும்

மோட்டார் பேருந்துகள் 1920களிலும் 1930களிலும் சென்னை மாகாணத்தின் சாலைகளில் பெருகின. அவை ரயிலின் வருமானத்தைக் குறைப்பதாக அரசு கவலைப்பட்டது. 1932இல் மிட்செல், கிர்க்னஸ் ஆகிய இரு அதிகாரிகள் சாலை-ரயில் போட்டியை ஆராய நியமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அறிக்கை தந்தனர். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பேருந்துக்கு வழித்தட உரிமம் கட்டாயம் என்று ஆக்கியது. அச்சட்டத்தின் பின்னணியில் பயணிகளின் பாதுகாப்பு மட்டுமன்றி ரயிலைக் காப்பாற்றும் எண்ணமும் இருந்தது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதையன்று. ஜெர்மனியில் ரயிலுக்குப் போட்டியாக நெடுந்தொலைவுப் பேருந்து ஓடுவதை 1930களிலிருந்து சட்டம் பெரும்பாலும் தடுத்துவந்தது. 2013 ஜனவரியில்தான் அந்தத் தடை விலகியது. பிரிட்டன் 1980இல் தன் விரைவுப் பேருந்துகள் மீதான உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்நாடுகளில் ரயிலும் பேருந்தும் பெரும்பாலும் அதே நகரங்களுக்கிடையே போட்டியிட்டன. ரயில் பாதை தொடாத ஏரிக்கரை ஊருக்குப் பேருந்து போட்டியாளன் அன்று. பொன்னேரி நிலையத்துக்கு ஆளைக் கொண்டுசேர்த்ததே பேருந்துதான். போட்டியைத் தடுக்க எழுந்த உரிம முறை, ரயில் இல்லாத இடங்களுக்கும் அதே அளவுகோலைப் பிடித்தது.

தமிழ்நாட்டில் 1967க்குப் பின் நீண்ட வழித்தடங்கள் படிப்படியாக அரசுடைமையாயின. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. தொலைதூர விரைவுப் பேருந்துகளுக்கெனத் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் 1980இல் தனிக் கழகமாயிற்று. 1997இல் அது அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் எனப் பெயர் மாறியது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கும், அங்கிருந்து மீஞ்சூர், செங்குன்றம் வழியாகச் சென்னைக்கும் பேருந்துகள் ஓடின.

ஏரிக்கரை ஊரில் அமர்ந்து நோக்கினால் பேருந்தின் மேன்மை வேகத்தில் இல்லை. பொன்னேரியிலிருந்து சென்னைக்கு மின்ரயில் பேருந்தைவிட விரைவாகவும் மலிவாகவும் செல்லும், இதில் ஐயமில்லை. பேருந்தின் மேன்மை அது கிளம்பும் இடத்தில் உள்ளது. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் நின்று ஏறலாம். மீன்பாடும் காற்றும் கடிகாரம் பார்த்து வருவதில்லை. ரயிலைத் தவறவிட்டால் பொன்னேரி மேடையில் காத்திருக்க வேண்டும். பேருந்தைத் தவறவிட்டால் தெருவிலேயே நின்று அடுத்ததைப் பார்க்கலாம். நெடுந்தொலைவு ரயிலில் இடம் பெற 60 நாள் முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. நாளைய வலையில் என்ன விழும் என்று தெரியாத தொழிலில் அத்தனை நாள் முன்பாகத் தேதி குறிப்பது கடினம்.

மீன்கூடை

பயணம் பற்றிய ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது சுமை. பழவேற்காட்டில் பிடிபடும் இறால், நண்டு, மடவை ஆகியவற்றில் விலை உயர்ந்தவை வியாபாரிகளின் வண்டியில் ஐஸ் பெட்டிக்குள் போய்விடுகின்றன. ஏற்றுமதி இறால் பேருந்தையோ பயணி ரயிலையோ காண்பதேயில்லை. எஞ்சியதைக் கூடையிலோ அலுமினியக் குண்டானிலோ எடுத்துக்கொண்டு சந்தைக்கும் தெருத்தெருவாகவும் விற்கச் செல்பவர்கள் பெண்கள். அவர்களுக்குப் பயணம் என்பது தொழிலின் ஒரு பகுதி. கூடையை ஏற்ற மறுத்தால் அன்றைய வருமானம் போகும். மீன் மறுநாளுக்கு இருக்காது.

இவ்வகையில் ரயில் ஒருபடி மேல். சென்னைப் புறநகர் மின்ரயில்களில் வியாபாரிகளுக்கெனத் தனிப்பெட்டி உண்டு. காய்கறி, பூ, பால், மீன் எல்லாம் அதில் ஏறும். வாசனை பற்றிய சச்சரவு அங்கு எழுவதில்லை, ஏனெனில் ஏறுபவர் எல்லோரும் சுமையோடு ஏறுபவர்களே. பேருந்தில் அப்படிப் பிரிவு கிடையாது. மீன் விற்பவரும் அலுவலகம் போகிறவரும் ஒரே கூண்டில் நிற்க, யாரை ஏற்றுவது என்னும் முடிவு நடத்துநர் கையில் இருக்கிறது.

அந்த முடிவு என்னவாகக்கூடும் என்பதை 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் மறுமுனையில் நடந்த நிகழ்ச்சி காட்டியது. கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காட்சி மாநிலம் முழுவதும் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், தொடர்புடைய ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அதே ஆண்டு மே 8 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற ஆணை நடைமுறையில் இருந்தது. கட்டணம் இல்லாமல் ஏறும் உரிமை வந்துவிட்டது. கூடையோடு ஏறும் உரிமை வரவில்லை என்பதைக் குளச்சல் வெளிச்சமிட்டது. இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2021 ஆகஸ்டில், கேரள அரசு திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே, கூடைகளை வைக்கத் தனியிடத்துடன், ‘சமுத்ரா’ என்னும் பேருந்துகளை இயக்கத் தொடங்கியிருந்தது.

கட்டணமில்லாப் பயணம் ரயில்-பேருந்துக் கணக்கையும் மாற்றியது. அதுவரை மலிவு என்றால் ரயில் என்பதே பொன்னேரிப் பக்கத்து வழக்கம். இப்போது ஆணுக்கு ரயில் மலிவு; பெண்ணுக்கு நகரப் பேருந்து மலிவு. ஒரே வீட்டில் இருவருக்கும் இருவேறு விடைகள்.

மாநில எல்லை

ஏரி ஒன்றே, மாநிலம் இரண்டு. 1953இல் ஆந்திரம் பிரிந்தபின் எல்லைத் தகராறு நீடித்தது. படாஸ்கர் பரிந்துரையை ஒட்டிய சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் சில பகுதிகள் கைமாறின. பொன்னேரி தமிழ்நாட்டிலும் சூலூர்பேட்டை ஆந்திரத்திலும் உள்ளன. ஏரியின் வடபுறத்திலும் தெற்கிலும் உறவும் தொழிலும் எல்லை தாண்டியே நடக்கின்றன.

பேருந்துக்கு இந்த எல்லை ஒரு சுவர். மாநிலங்களுக்கிடையே ஓட இரு அரசுகளின் உடன்பாடும் உரிமமும் வேண்டும். ரயிலுக்கு எல்லை தெரியாது. ஆரம்பாக்கத்தில் கிளம்பி அடுத்த நிலையமான தடாவில் நிற்கும்போது வேறு மாநிலம் வந்துவிட்டிருக்கும். சென்னையிலிருந்து சூலூர்பேட்டைவரை புறநகர் வண்டிகளே ஓடுகின்றன. ஆகவே சென்னைப் பயணத்தில் பேருந்தின் கை ஓங்கினாலும், வடகரைப் பயணத்தில் ரயில் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆந்திரப் பகுதியிலுள்ள இருக்கம் தீவினர் பீமுனிவாரிபாளையத்துக்குப் படகில் வந்து, அங்கிருந்து தடாவை அடைந்து, ரயிலோ பேருந்தோ பிடிக்கின்றனர்.

வடகரையில் சாலை ஏரிக்குள்ளேயே இறங்கியது. 1960களின் இறுதியில் ராக்கெட் தளத்துக்கு இடமாக ஸ்ரீஹரிக்கோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் ஏவப்பட்டது. சூலூர்பேட்டை நிலையத்தையும் தீவையும் இணைக்க ஏரியின் குறுக்கே மண்மேட்டுச் சாலை போடப்பட்டது. ரயிலில் வந்து இறங்கும் விண்வெளி மைய ஊழியர்களுக்கு அது நேர்வழி. மீனவருக்கு அதே சாலை நீரோட்டத்தைத் தடுத்த கரை. ஏரியின் வடபகுதி மேடாவதற்கு அதுவும் ஒரு காரணம் எனச் சூழலியலாளர் கூறுவர். ரயில் ஏரியை ஒதுக்கிச் சென்றதால் ஊர்களுக்கு வசதிக் குறைவு நேர்ந்தது, ஏரிக்குத் தீங்கு நேரவில்லை. சாலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

முதல் கட்டம் படகு

மணல்திட்டு ஊர்களில் பயணம் இன்றும் நீரில் தொடங்கியதன் தடத்தைச் சுமக்கிறது. பழவேற்காட்டுக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் இடையே பாலம் வந்தபின் அப்பக்கத்து ஊர்களுக்கு வண்டிகள் செல்கின்றன. பசியாவரம் போன்ற ஊர்களின் மக்கள் நெடுங்காலம் படகையே நம்பியிருந்தனர். பிரசவ வலி கண்டவரும் பள்ளிப் பிள்ளையும் முதலில் துறைக்கு வர வேண்டும். பேருந்து, ரயில் என்ற பேச்சு அதற்கு அப்பால்தான். படகின் ஆபத்தும் சிறிதன்று. 2011 டிசம்பர் 25 அன்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர்.

சென்னை என்னும் கணவாய்

தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பழவேற்காட்டார் சென்னையைக் கடந்தே போக வேண்டும். ரயிலில் இது எப்போதும் தொல்லை. வடக்கு ரயில்கள் சென்ட்ரலில் நிற்கும். தெற்கு ரயில்கள் பெரும்பாலும் எழும்பூரில் கிளம்பும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும் குடும்பம் பொன்னேரியில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மூட்டையோடு எழும்பூருக்கு மாற வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் பாதை 2010இல் வந்தபோதும் சென்னைக்குள் இருந்த இந்த இடைவெளி அப்படியே நின்றது.

பேருந்தில் ஒருகாலத்தில் இத்தொல்லை இல்லை. பாரிமுனையில் இருந்த நிலையத்தில் வடக்குப் பேருந்திலிருந்து இறங்கி நடந்துபோய்த் தெற்குப் பேருந்தில் ஏறலாம். 2002 நவம்பரில் வெளியூர்ப் பேருந்துகள் கோயம்பேட்டுக்கு மாறியபோதும் வடக்கும் தெற்கும் ஒரே வளாகத்தில் இருந்தன. ரயிலைவிடப் பேருந்தையே வடபகுதியினர் நாடியதற்கு இது வலுவான காரணம். பிறகு நிலைமை மாறியது. 2018 அக்டோபரில் ஆந்திரப் பேருந்துகளுக்கென மாதவரம் நிலையம் திறந்தது. 2023 டிசம்பர் 30இல் தென்மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் நிலையம் நகரின் தென்கோடியில் திறக்கப்பட்டது. சென்ட்ரல்-எழும்பூர்ப் பிளவு பேருந்துக்கும் வந்துவிட்டது. அதுவும் சில கி.மீ. பிளவன்று, நகரத்தின் முழு நீளம். வடசென்னை மக்களின் குறையைக் கேட்டு, தெற்கே செல்லும் பேருந்துகளில் ஒரு பகுதி பின்னர் மாதவரத்திலிருந்தும் இயக்கப்பட்டது.

வடக்கே நெல்லூர், விஜயவாடாப் பக்கம் போகிறவர்கள் நகருக்குள் நுழையாமலே பேருந்து பிடிக்க முடியும். பொன்னேரிக்கு மேற்கே தச்சூர் கூட்டுச்சாலையில் தேசிய நெடுஞ்சாலை 16 செல்கிறது. நெல்லூர்ப் பேருந்துகள் அவ்வழியே போகும். ஷேர் ஆட்டோவில் அங்கு வந்து, கை காட்டி நிறுத்தி, இடமிருந்தால் ஏறிக்கொள்ளலாம். அங்கிருந்து சற்றுக் கிழக்கே, கவரைப்பேட்டை நிலையத்தைத் தாண்டி, அதே திசையில் செல்லும் விரைவு ரயில்கள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.